ராஜாவின் கல்லறையும் ராஜாவின் பூணூலும்

இங்கிலாந்தின் மேற்கே இருக்கும் துறைமுக நகரம் பிரிஸ்டல். அங்கே பாத் சாலையை ஒட்டி ஆர்னோஸ் வேல் என்றொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பரப்பு 45 ஏக்கர். உள்ளே கிரேக்கக் கோயிலைப் போலத் தூண்கள் நிறுத்திய ஒரு கட்டடமும், மணிக்கூண்டோடு இன்னொரு கட்டடமும் நிற்கின்றன. இரண்டும் அடக்கச் சடங்குக்காகக் கட்டப்பட்ட சிற்றாலயங்கள். ஒரு காலத்தில் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்த அவற்றை மக்கள் போராடி மீட்டார்கள். இன்று அங்கே கூட்டம் நடக்கிறது, நாடகம் நடக்கிறது, படம் காட்டுகிறார்கள், வரலாற்று நடை அழைத்துப் போகிறார்கள். கல்யாணம்கூட நடக்கிறது.

அதே தோட்டத்தில் வங்காளத்து மண்டபம் ஒன்றும் நிற்கிறது. அதன் கீழே கிடப்பவர் ராஜா ராம்மோகன் ராய். நம் பள்ளிப் புத்தகங்களில் ‘நவீன இந்தியாவின் தந்தை’ என்று படித்தோமே, அவர்தான். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் அவருடைய கல்லறை முன்னால் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். சதியை ஒழிக்கப் பாடுபட்டவர், ஒரே கடவுளை வணங்கச் சொன்னவர், கிழக்கையும் மேற்கையும் இணைத்தவர் என்று புகழ்கிறார்கள். அந்தப் புகழில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கல்லறைக்குள் இருக்கும் சாதியின் கதையைப் பேசாமல் அந்தப் புகழ் முழுமையாகாது என்று நாம் கருதுகிறோம். மீட்கப்பட்ட ஒரு கல்லறைச் சிற்றாலயத்தில் என்ன பேச வேண்டும், யாரைப் பற்றிப் பேச வேண்டும் என்கிற கேள்வி பிரிஸ்டல்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. சுடுகாட்டிலும் சாதியைச் சந்திக்கிற நமக்கும் அது உரியது.

ஒரு தோட்டம், இரண்டு ஆலயங்கள்

முதலில் ஒரு சிறிய கேள்வி. ஒரே தோட்டத்தில் சாவுச் சடங்குக்கு இரண்டு சிற்றாலயங்கள் எதற்கு?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செத்தவரைப் புதைக்கும் உரிமை பெரும்பாலும் அரசின் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் கையில் இருந்தது. பெரும்பாலோரை ஊர்க் கோயில் வளாகத்தில்தான் புதைத்தார்கள். அங்கே ஆங்கிலிக்கன் பாதிரியார்தான் சடங்கு செய்வார். பாப்டிஸ்ட், குவேக்கர், யூனிடேரியன் போன்ற மாற்றுச் சபையினர் தங்கள் போதகரை வைத்துத் தங்கள் முறைப்படி அங்கே அடக்கம் செய்ய முடியாது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கே கிடையாது. இந்த நிலை சட்டப்படி மாறியது 1880இல்தான்.

இதற்கிடையில் நகரங்கள் பெருத்தன. கோயில் வளாகங்கள் பிணங்களால் நிரம்பி வழிந்தன. 1832இல் பிரிஸ்டலைக் காலரா தாக்கியது. அந்தக் காலத்தில்தான் கல்லறைக் கம்பெனிகள் முளைத்தன. பாரிசின் பெர் லாஷேஸ் தோட்டத்தை முன்மாதிரியாக வைத்து, ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, மரம் நட்டு, பங்கு விற்று, கல்லறை இடத்தையும் விற்றார்கள். ஆர்னோஸ் வேல் அப்படி 1837இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான கம்பெனியின் தோட்டம். முதல் அடக்கம் 1839இல் நடந்தது. கட்டடங்களை வடிவமைத்தவர் சார்ல்ஸ் அண்டர்வுட்.

ஆங்கிலிக்கன் பேராயர் வந்து மந்திரித்த நிலம் ஒரு பக்கம். மந்திரிக்காத நிலம் மறுபக்கம். மணிக்கூண்டு வைத்தது ஆங்கிலிக்கன்களுக்கு. கிரேக்கத் தூண் வைத்தது மாற்றுச் சபையினருக்கு. செத்த பிறகும் யார் எந்தப் பக்கம் என்று பிரித்துத்தான் படுக்க வைத்தார்கள். பணம் இருந்தவருக்கு நல்ல இடமும் பளிங்குத் தூணும் கிடைத்தன.

ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று சுடுகாடு பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அங்கே ஒருவர் சபை மாறினால் பக்கம் மாறலாம். அது நம்பிக்கையின் பிரிவினை. நம் ஊரில் பிறப்பே பக்கத்தைத் தீர்மானிக்கிறது. மதம் மாறினாலும் அது விடுவதில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரையும் மற்றவரையும் பிரித்துச் சுவர் நின்றதும், 2010இல் தோழர்கள் அதை இடிக்கப் போனதும் நமக்கு நினைவிருக்கிறது. ஒரே நற்கருணையை உண்டவர்களுக்கு இடையில் நின்ற சுவர் அது.

மக்கள் மீட்ட இடம்

ஆர்னோஸ் வேலின் அடுத்த கதை நமக்குப் பாடம். 20ஆம் நூற்றாண்டில் கல்லறைத் தொழில் லாபம் குறைந்தது. 1920களின் இறுதியில் மாற்றுச் சபைச் சிற்றாலயத்தை ஒட்டித் தகனக் கூடம் ஒன்றை அமைத்தார்கள். அதுவும் 1998இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1987இல், தோட்டத்தின் ஒரு பகுதியைக் கட்டட மனைகளாக்கும் யோசனை வெளியே வந்தது. தாத்தா பாட்டியை அங்கே புதைத்திருந்த சாதாரண மக்கள் கொதித்தெழுந்தார்கள். சங்கம் வைத்தார்கள். தாங்களே முள்வெட்டினார்கள், வாயிற்கதவைத் திறந்து வைத்தார்கள், வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். கடைசியில் 2003இல் பிரிஸ்டல் நகர மன்றம் கட்டாயக் கையகப்படுத்தல் மூலம் தோட்டத்தை எடுத்து ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. லாட்டரிப் பணத்திலிருந்து இயங்கும் மரபுரிமை நிதியம் 48 லட்சம் பவுண்டு அளவுக்குக் கொடுத்தது. 2010 வாக்கில் சிற்றாலயங்கள் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டன.

சீரமைத்தால் மட்டும் போதாது. கூரையைப் பராமரிக்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். அதைவிட, ஆள் நடமாட்டம் வேண்டும். ஆள் வராத கட்டடம் மறுபடி பாழாகும். ஆகவேதான் கல்யாணமும் நாடகமும் படமும். சாவைப் பற்றி, துக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. புதைப்பதும் நிற்கவில்லை. செத்தவர் வந்து போவதற்கு மட்டுமே இருந்த கூடம் உயிரோடு இருப்பவர்களின் பொதுக் கூடமாகி இருக்கிறது. எந்தச் சபை, எந்த மதம் என்று வாசலில் கேட்பதில்லை. பிரித்து வைப்பதற்காகக் கட்டியதைச் சேர்ந்து உட்கார்வதற்காகத் திறந்திருக்கிறார்கள். இதை நாம் மனதார வரவேற்கிறோம்.

இப்படித் திறந்த கூடத்தில் எந்த வரலாறு ஏறி உட்காருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. கல்லறைத் தோட்டத்தில் வரலாறு பேசத் தொடங்கினால், பெரிய கல் வைத்தவரின் வரலாறு முதலில் கண்ணில் படும். ஆர்னோஸ் வேலில் இந்தியர்களுக்குக் கண்ணில் படும் பெரிய கல் ராம்மோகன் ராயுடையது.

மரத்தடியில் ஒரு மௌன அடக்கம்

ராம்மோகன் ராய் பிரிஸ்டலில் எப்படிச் செத்தார், எப்படிப் புதைக்கப்பட்டார் என்பதை விரிவாகப் பதிவு செய்தவர் மேரி கார்ப்பெண்டர். ராஜாவின் இங்கிலாந்து இறுதி நாட்களைப் பற்றி 1866இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய தந்தை லான்ட் கார்ப்பெண்டர் பிரிஸ்டலின் யூனிடேரியன் போதகர், ராஜாவின் நண்பர். மேரியும் 1877இல் இதே ஆர்னோஸ் வேலில்தான் அடக்கமானார்.

ராம்மோகன் 1830 நவம்பரில் கப்பல் ஏறினார். மொகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பரின் தூதராகப் போனார். ‘ராஜா’ பட்டம் அவர் கொடுத்தது. கடல் கடந்தால் சாதி போகும் என்று பார்ப்பனச் சமூகம் மிரட்டிய காலம். அவர் அந்த மிரட்டலை மீறிப் போனார் என்பது உண்மை. தம்முடன் பார்ப்பனப் பணியாளரையும் அழைத்துக்கொண்டு போனார் என்பதும் உண்மை. கடலைக் கடந்தார், அடுக்களையைக் கடக்கவில்லை.

1833 செப்டம்பரில் பிரிஸ்டலின் ஸ்டேபிள்டன் பகுதியில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது காய்ச்சல் கண்டது. செப்டம்பர் 27 அன்று இறந்தார். உடலைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்துப் பதிவு செய்தார்கள்: இறக்கும்போதும் அவர் மார்பில் பூணூல் கிடந்தது.

அதன் பிறகு மூன்று வாரங்கள் அவரைப் புதைக்கவில்லை. எங்கே, எப்படிப் புதைப்பது என்பதில் சிக்கல். அவர் முன்பே நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தார்: கிறித்தவர்களின் இடுகாட்டில் புதைக்கக் கூடாது, கிறித்தவச் சடங்கு கூடாது, தனியாக ஒரு துண்டு நிலம் வாங்கி அதில் புதைக்க வேண்டும். காரணத்தையும் மேரி கார்ப்பெண்டரின் நூல் சொல்கிறது. மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்தால், அல்லது கிறித்தவச் சடங்கு நடந்தால், அவர் சாதியை இழந்துவிட்டார் என்று எதிரிகள் வழக்குப் போடலாம். சாதி போனால் சொத்துரிமை போகும். பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்து கிடைக்காமல் போகலாம்.

ஆகவே அக்டோபர் 18 அன்று, அவர் தங்கியிருந்த வீட்டின் தோட்டத்திலேயே, எல்ம் மரங்களுக்கு அடியில் அவரை இறக்கினார்கள். பாடல் இல்லை, மந்திரம் இல்லை, பேச்சு இல்லை. முழு மௌனம். ஒரே கடவுளை எல்லோரும் சேர்ந்து வணங்க வேண்டும் என்று சபை தொடங்கியவரின் அடக்கத்தில் ஒரு சொல்கூட யாரும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது சாட்சியமாகிவிடும்.

பத்தாண்டுகள் கழித்து அவருடைய நண்பர் துவாரகநாத் தாகூர் இங்கிலாந்து வந்தார். கவிஞர் ரவீந்திரநாத்தின் தாத்தா. திருச்சபையின் வளாகத்தில் அல்லாமல், ஒரு கம்பெனியின் தோட்டத்தில் இடம் எடுத்து, 1843 மே 29 அன்று உடலை ஆர்னோஸ் வேலுக்கு மாற்றினார்கள். வில்லியம் பிரின்செப் வரைந்த வடிவில் மண்டபம் எழுந்தது. துவாரகநாத் 1846இல் லண்டனில் இறந்து அங்கே கென்சால் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்.

பூணூல் என்னும் பத்திரம்

இந்தக் கதையை ராம்மோகனை இழிவுபடுத்த நாம் சொல்லவில்லை. சதியைத் தடைசெய்யும் ஒழுங்குமுறையை 1829 டிசம்பர் 4 அன்று பெண்டிங்க் கொண்டுவந்ததன் பின்னால் ராம்மோகனின் எழுத்தும் உழைப்பும் இருக்கின்றன. அதை எதிர்த்து வைதீகர்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனபோது, அந்த மேல்முறையீடு 1832இல் தள்ளுபடியானதையும் அவர் அங்கேயே இருந்து பார்த்தார். எரியும் நெருப்பிலிருந்து பெண்களை மீட்கப் போராடியவரை நாம் எப்படி மறுக்க முடியும்?

சாதியைப் பற்றி அவருக்குத் தெரியாமலும் இல்லை. பிறப்பால் வரும் பார்ப்பனத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் ‘வஜ்ரசூசி’யின் ஒரு பகுதியை 1827இல் மொழிபெயர்த்து அச்சிட்டவரே அவர்தான். 1830இல் எழுதிய பிரம்ம சமாஜத்தின் அறக்கட்டளைப் பத்திரம் எல்லா வகை மக்களும் வேறுபாடின்றி வந்து வழிபடலாம் என்கிறது. ஆனால் அதே சமாஜத்தின் தொடக்கக் காலக் கூட்டங்களில் வேதத்தை ஓதியவர்கள் தெலுங்குப் பார்ப்பனர்கள். பார்ப்பனரல்லாதார் நுழைய முடியாத பக்கத்து அறையில் இருந்து ஓதினார்கள். பத்திரத்தில் எல்லோருக்கும் ஒரே கூடம். நடைமுறையில் ஒரே வீட்டில் இரண்டு அறைகள். ஆர்னோஸ் வேலின் இரண்டு சிற்றாலயங்களும் கல்கத்தாவின் இந்த இரண்டு அறைகளும் ஒரே பத்தாண்டுக்குள் எழுந்தவை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் இரண்டு வகைச் சீர்திருத்தங்களைப் பிரித்துக் காட்டுகிறார். விதவை மறுமணம், குழந்தை மணத் தடை போன்றவை உயர்சாதிக் குடும்பத்தைச் சீர்திருத்துபவை. சாதியை உடைத்துச் சமூகத்தையே மாற்றி அமைப்பது வேறு. முதலாவதைப் பேசியவர்கள் இரண்டாவதைத் தொடவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. ராம்மோகனின் அடக்கம் அந்தக் குற்றச்சாட்டுக்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சியமாக நிற்கிறது. குடும்பத்தில் நடக்கும் கொடுமையை எதிர்க்க அவரால் முடிந்தது. குடும்பத்தின் சொத்தைச் சாதி காவல் காக்கிறது என்கிற இடத்தில் நின்றுவிட்டார்.

“பாவம், சட்டம் அப்படி இருந்தது, பிள்ளைகளுக்காகத்தானே செய்தார்?” என்று சிலர் கேட்கலாம். ஆம், அதைத்தான் நாமும் சொல்கிறோம். சாதி வெறும் மூடநம்பிக்கை என்றால் ராம்மோகன் அதை ஒரு நாளில் கழற்றி எறிந்திருப்பார். மூடநம்பிக்கைகளை எறிவதில் அவருக்கு நிகர் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. பூணூல் அவருக்கு நம்பிக்கையாக இல்லாமல் போயிருக்கலாம். அது சொத்துப் பத்திரமாக இருந்தது. நிலத்துக்கும் வீட்டுக்கும் வாரிசுரிமைக்கும் அதுதான் கையெழுத்து. அறிவு அதை மறுத்தாலும் கை அதைக் கழற்றவில்லை. சாதி எதனால் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இது ஒருவரின் பலவீனம் மட்டும் அல்ல என்பதற்கும் சான்று உண்டு. மதம் மாறினாலும் சாதியிலிருந்து விலக்கப்பட்டாலும் சொத்துரிமை போகாது என்று கம்பெனி அரசு 1850இல் ஒரு சட்டம் போட்டது: சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டம், அந்த ஆண்டின் 21ஆம் சட்டம். உடனே கல்கத்தாவிலிருந்தும் நம் சென்னையிலிருந்தும் உயர்சாதி இந்துப் பிரமுகர்கள் எதிர்ப்பு மனு எழுதினார்கள். சாதி போனால் சொத்தும் போக வேண்டும் என்பதில் வங்காளத்துக்கும் தமிழகத்துக்கும் வேற்றுமை இருக்கவில்லை.

பாதுகாக்கச் சொத்தே இல்லாதவர்கள், புதைத்துக்கொள்ள ஒரு குழி நிலம்கூடச் சொந்தமாக இல்லாதவர்கள், சாதியை இழக்க அஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அஞ்சியது சாதி தங்களை விடாது என்பதற்கு. ராஜாவின் கல்லறை முன்னால் நின்று நாம் நினைக்க வேண்டியது இந்த வேறுபாட்டை.

கல் இல்லாதவர்களின் வரலாறு

பிரிஸ்டலின் செல்வம் எங்கிருந்து வந்தது? அந்தத் துறைமுகத்தின் கப்பல்கள் 1807 வரை ஏறக்குறைய 5 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கடல் கடத்தின. ராம்மோகன் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 1833 ஆகஸ்டில், பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதன்படி இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டு அடிமைகளுக்குப் போகவில்லை. ‘சொத்தை இழந்த’ உடைமையாளர்களுக்குப் போனது. அங்கே மனிதரே சொத்து. இங்கே சாதி சொத்தின் காவல். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துப் பேச முடியும்.

அந்த நகரத்து மக்கள் இதைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று இழுத்துத் தள்ளித் துறைமுக நீரில் எறிந்தார்கள். அதே மாதம், நகரின் ஹென்பரி பகுதியில், 1720இல் தம் 18 வயதில் இறந்த சிபியோ ஆப்பிரிக்கானஸ் என்னும் அடிமை இளைஞனின் கல்லறைக் கல்லை யாரோ உடைத்தார்கள். அந்தப் பெயர்கூட எஜமானர்கள் வைத்தது. செத்து 300 ஆண்டுகள் ஆன ஓர் அடிமையின் கல்லும் சிலருக்கு உறுத்துகிறது. நம் ஊரில் அம்பேத்கர் சிலைகளைக் கூண்டுக்குள் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல.

இன்னொரு செய்தி நம் நெஞ்சைத் தொட்டது. ஈஸ்ட்வில் என்னும் பகுதியில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி ஒன்று இருந்தது. அங்கே இறந்த 4,000க்கும் மேற்பட்டோர், 1851 முதல் 1895 வரை, பக்கத்து மைதானத்தில் கல்லும் பெயரும் இல்லாமல் புதைக்கப்பட்டார்கள். 1972இல் கட்டடத்தை இடித்தபோது எலும்புகளை அள்ளி வேறொரு கல்லறைத் தோட்டத்தில் மொத்தமாகப் போட்டார்கள். 2010களில் அந்தப் பகுதி மக்களும் நகரின் மக்கள் வரலாற்றுக் குழுவினரும் பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு பெயராக எழுதி, மைதானத்தில் நினைவுக்கல் வைத்தார்கள். பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

கல்லறைச் சிற்றாலயத்தில் நடத்த வேண்டிய சமூக நிகழ்ச்சி என்றால் நம் கண்ணில் இதுதான் முதலில் வருகிறது. பெரிய கல்லுக்கு மாலை போடுவதோடு சேர்த்து, கல் இல்லாதவரின் பெயரை உரக்க வாசிக்க வேண்டும்.

இன்றைக்கு ஏன் பேச வேண்டும்

“இதெல்லாம் 190 ஆண்டுக்கு முந்தைய கதை, பிரிட்டனில் இன்று சாதி எங்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. பீகாரைச் சேர்ந்த ஓர் ஆதிவாசிப் பெண்ணை இங்கிலாந்துக்கு அழைத்துப் போன இந்தியக் குடும்பம் ஒன்று, அவரை ஆண்டுக்கணக்கில் வீட்டு வேலைக்கு வைத்து, மணிக்கு 11 பென்ஸ் கணக்கில் கூலி கொடுத்தது. அந்த வழக்கில் 2014 டிசம்பரில், சாதிப் பாகுபாடும் இனத் தோற்றத்தின் அடிப்படையிலான பாகுபாட்டுக்குள் வரக்கூடும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2015இல் அவருக்கு 1,83,000 பவுண்டுக்கு மேல் கூலிப் பாக்கி தரும்படி உத்தரவானது.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றமே அரசுக்குக் கட்டளையிட்டது. அரசு இழுத்தடித்தது. ஆதிக்கச் சாதி அமைப்புகள் சேர்க்கவே கூடாது என்று எதிர்த்தன. 2018 ஜூலையில், தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு கைகழுவியது. அங்கே வாழும் தலித் மக்கள் இன்றும் அதற்காகப் போராடுகிறார்கள். சாதி எங்கள் நாட்டுக்கு வந்ததே தெரியாது என்று பிரிட்டன் சொல்ல முடியாது. 1833லேயே பிரிஸ்டலின் ஒரு வீட்டில், ஒரு பிணத்தின் மார்பில், அது கண்ணுக்குத் தெரியும்படி கிடந்தது. மருத்துவரும் போதகரும் பார்த்தார்கள். அந்த நூலுக்குக் கட்டுப்பட்டுத்தான் அடக்கமும் நடந்தது. சாதியைப் பிரிட்டன் மண் சந்தித்ததற்கு ஆர்னோஸ் வேல் ஒரு பழைய ஆவணம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். செப்டம்பர் அஞ்சலி தொடரட்டும். அந்த நாளில் சதி ஒழிப்பைப் பேசுகிற அதே நேரத்தில், எல்ம் மரத்தடி மௌனம் ஏன் நேர்ந்தது என்பதையும் பேசுங்கள். வரலாற்று நடையில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்டபத்தின் அழகைச் சொல்லும்போது, பூணூலையும் 1850 சட்டத்தையும் சொல்லுங்கள். அந்த நகரத்திலும் நாட்டிலும் வாழும் தலித் தொழிலாளிகளை, ரவிதாசிகளை, வால்மீகிகளை, அம்பேத்கரியப் பௌத்தர்களை அந்தக் கூடத்துக்கு அழைத்து அவர்கள் வாயால் சாதியைப் பேசச் சொல்லுங்கள். கரீபிய வம்சாவளியினரும் அவர்களும் ஒரே மேடையில் உட்காரட்டும். சிற்றாலயத்தின் கூரையைச் செப்பனிட்டதற்கு அதுதான் முழுப் பயன்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது. இறந்தவருக்குக்கூட ஏன் தனித்தனிச் சுடுகாடு என்று கேட்டது. பாதை கேட்டும் பொதுச் சுடுகாடு கேட்டும் நாம் போராடுகிறோம். அது தொடர வேண்டும். அதோடு, நம் சேரிச் சுடுகாடுகளில் படுத்திருப்பவர்கள் யார் யார் என்பதை நாமே எழுதத் தொடங்க வேண்டும். கூலி உயர்வு கேட்டவர், பஞ்சமி நிலம் மீட்கப் போனவர், பறையடித்துப் பத்து ஊர்ச் சாவுக்குப் போனவர், அந்த ஊர்க் குழிகளை எல்லாம் வெட்டியவர். அவர்களுக்குக் கல் இல்லை. பெயர் தெரிந்த கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார வேண்டும்.

ஈஸ்ட்வில் மக்கள் செய்ததற்கு மானியம் எதுவும் முதலில் வரவில்லை. பதிவேடும் பேனாவும்தான் இருந்தன. நம்மிடம் பதிவேடு இல்லை. நினைவு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.